தாலாட்டி வளர்த்த எஞ்சின்

மச்சானின் மீன்பிடி வல்லத்துக்குப் புது எஞ்சின் வந்து இறங்கிய அன்று தெருவே கூடிவிட்டது. அக்கா எலுமிச்சம்பழம் வைத்தாள். மச்சான் சந்தனம் தடவினார். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்து கையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டார்கள். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், காற்றிலேயே குளிர்ந்துகொள்கிற ரகம். வல்லம் அப்போது கரையேறி மராமத்தில் கிடந்தது. அதனால் எஞ்சினைக் கொட்டகையில் ஒரு மரச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டுப் பொருத்தி வைத்தார். தினமும் சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்து அதைக் கிளப்புவார். மெதுவோட்டத்தில் ஒரு மணி நேரம் அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும், இவர் பக்கத்தில் உட்கார்ந்து வலைக் கிழிசல் பார்ப்பார். "புதுசு மாப்ள. கொஞ்சங் கொஞ்சமாப் பழகட்டும்" என்பார்.

கடலில் இறக்கிய பிறகும் அதே செல்லம்தான். பாதி முடுக்குக்கு மேல் கொடுக்க மாட்டார். கடலிலிருந்து வலையை இழுத்து வாங்குகிற நேரம் முழுக்க எஞ்சினை நிறுத்தாமல் சும்மா ஓட விட்டிருப்பார். அணைத்து அணைத்துக் கிளப்பினால் அதற்கு வலிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

மூன்று மாதம் போயிருக்கும். கடலுக்குப் போய்வருகிற ஒவ்வொரு பாட்டுக்கும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. புகை நீலமாக வந்தது. சைலன்சர் வாயிலிருந்து கருப்பாகப் பிசுபிசுவென்று ஒழுகி வல்லத்தின் பக்கப் பலகையைக் கறையாக்கியது. ஏமாற்றிவிட்டான், மட்டமான எஞ்சினைத் தலையில் கட்டிவிட்டான் என்று மச்சான் விற்றவரைத் திட்டித் தீர்த்தார். கடைசியில் மண்டபம் ஊரிலிருந்து ஒரு மெக்கானிக் பையன் வந்து எஞ்சினின் தலையைக் கழற்றினான். உள்ளே சிலிண்டர் சுவர் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது.

மச்சானுக்குப் பெருமை. "பாரு தம்பி, ஒரு கோடு இல்ல, ஒரு தேய்மானம் இல்ல!"

"அதுதான்ணே வியாதியே" என்றான் அவன்.

நான் அன்றைக்குத்தான் இந்த விஷயத்தில் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். என் வீட்டிலும் அப்போது ஒரு புது வண்டி நின்றுகொண்டிருந்தது, அது வேறு பயம்.

புதுச் சிலிண்டரின் சுவர் வழவழப்பாக இருக்கக் கூடாது. தொழிற்சாலையில் வேண்டுமென்றே ஹோனிங் கல் என்கிற தீட்டுக் கல்லை விட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி விடுகிறார்கள், பனங்கிழங்கு காயவைக்கிற பாயின் பின்னல் மாதிரி. அந்தக் கீறல்களின் பள்ளத்தில்தான் ஆயில் தங்கும். கீறல்களின் மேடுகளும், பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கிற ரிங்கின் விளிம்பும் முதல் சில மணி நேரத்தில் ஒன்றையொன்று தேய்த்து, ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்ள வேண்டும். ரிங் உட்காருவது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

இங்கே யாரும் எளிதில் நம்பாத ஒரு சங்கதி உண்டு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் இல்லை. எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. எஞ்சின் சுமை இழுத்தால் அழுத்தம் உண்டு. சும்மா கொட்டகையில் தட்டிக்கொண்டிருந்தால் அழுத்தம் போதாது. அழுத்தம் போதாத ரிங் சுவரில் சரியாகப் பொருந்தாது, சந்து வழியாக வாயு கீழே கசியும், ஆயில் மேலே ஏறும். ஏறிய ஆயில் சூட்டில் வெந்து சுவரில் வார்னிஷ் மாதிரி படியும். கீறல்களின் பள்ளமெல்லாம் அடைத்துப் போகும். அப்புறம் எத்தனை நாள் ஓட்டினாலும் ரிங் உட்காராது. மச்சான் பெருமைப்பட்ட அந்தப் பளபளப்பு வெந்த ஆயிலின் பூச்சு. மறுபடி ஹோனிங் கல்லை விட்டுப் புது ரிங் போட வேண்டியதாயிற்று. ஒரு நல்ல பாட்டின் காசு அதில் போனது.

விற்றவர் மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் மச்சான் ஒரு வாரம் பேசவே இல்லை.

அதற்காகப் புது எஞ்சினை எடுத்த எடுப்பில் முழு முடுக்கில் விரட்டச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடுகள் தேயும்போது உரசல் அதிகம், சூடும் அதிகம். நெடுநேரம் உச்ச வேகத்தில் வைத்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கிறது வழி: கிளப்பிச் சில நிமிடம் சூடேற விட்டு, உடனே வேலை கொடுக்க வேண்டும். கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து ஓட்ட வேண்டும். நம் பக்கத்துச் சாலைகளில் இதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி தாண்டி மண்டபம் வரை நூல் பிடித்த மாதிரி நேராக, தட்டையாக, மேடு பள்ளம் இல்லாமல் கிடக்கும். டாப் கியரில் போட்டால் ஒரே வேகத்தில் தூங்கிக்கொண்டே போகலாம். புது வண்டிக்கு அந்த ஒரே வேகம் ஆகாது. நான் வண்டி வாங்கியது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம். ராமேஸ்வரத்திலிருந்து மேற்கே திரும்பும்போது எதிர்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அதுவே எஞ்சினுக்குப் போதுமான சுமை என்று வைத்துக்கொண்டேன். போகும்போது முதுகில் காற்று, வரும்போது முகத்தில் காற்று. போய்வர நூற்றுப் பத்து கிலோமீட்டரில் ஒரு நல்ல பயிற்சி.

சரி, ஆயிலுக்கு வருகிறேன்.

இப்படித் தேய்ந்த மேடுகளின் துகள் எங்கே போகும்? ஆயிலில்தான். அதோடு பொருத்தும்போது பூசிய பசையின் பிசிர், வார்ப்பில் ஒட்டிக்கொண்டிருந்த நுண்மணல், கியரின் புதுப் பற்கள் உதிர்த்த பொடி எல்லாம் சேரும். முதல் ஆயிலை வீடு கட்டி முடித்ததும் தரை துடைக்கிற முதல் துணியோடு ஒப்பிடலாம். அந்தத் துணியை அலசி அலசி ஆறு மாதம் யாரும் வைத்திருப்பதில்லை.

என் வண்டி 125 சிசி பைக். கையேட்டில் முதல் சர்வீஸ் 500 முதல் 750 கிலோமீட்டருக்குள் என்று இருந்தது. நம் ஊரில் ஓடுகிற பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். நான் 500 தாண்டிய மறுநாளே கொண்டுபோய் நிறுத்தி, ஆயிலை இறக்கும்போது பக்கத்தில் நின்றேன். வீட்டிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பேசினும் கொண்டுபோயிருந்தேன். சர்வீஸ் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். பேசினை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது ஆயில் பட்டுச்சேலையின் ஜரிகை மாதிரி மினுங்கியது. பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தேன். நுனியில் சாம்பல் நிறத்தில் மீசை முளைத்திருந்தது, அது இரும்பு. காந்தத்துக்கு அகப்படாமல் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது அலுமினியம்.

இதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. 500 கிலோமீட்டரில் மினுமினுப்பு இயல்பு. கையில் நெருடுகிற துண்டு வந்தால்தான் கவலை. ஆனால் இதை 3000 கிலோமீட்டர் வரை உள்ளேயே சுற்ற விட எனக்கு மனம் வராது. காரணம் உண்டு. நம்மிடம் ஓடுகிற பல சின்ன வண்டிகளில் காரில் இருப்பது போன்ற காகித ஃபில்டர் கிடையாது. ஒரு வலைச் சல்லடையும், கிராங்க் என்கிற சுழல்தண்டின் முனையில் சுழன்று கனமான துகளை ஓரத்தில் ஒதுக்குகிற ஒரு கிண்ணமும்தான். பொடித்துகள் சல்லடையைத் தாண்டி மறுபடி மறுபடி பேரிங்குக்குப் போகும். அப்படிப்பட்ட வண்டிக்கு முதல் மாற்றுதான் உண்மையான ஃபில்டர். நான் 500-இல் ஒரு தரம், 1500-இல் ஒரு தரம் மாற்றினேன். இரண்டாவது முறை காந்தத்தில் மீசை இல்லை, பூனை முடி அளவுக்கு ஏதோ இருந்தது. அதற்கப்புறம் கையேடு சொன்ன இடைவெளிதான், முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

கீழக்கரையில் இருக்கிற என் சித்தப்பா மகன் இதைக் கேட்டுவிட்டுத் தன் புதுக் காருக்கும் ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அங்கே முதல் சர்வீஸில் வெறும் பார்வையிடல்தான், ஆயில் மாற்றுவது இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனுக்குக் கோபம். என்னைக் கேட்டால் அவர்கள் சொன்னது சரி. இன்றைய கார் எஞ்சின்களில் ஹோனிங் செய்த பிறகு அந்த மேடுகளின் கூர்மையையும் தொழிற்சாலையிலேயே மழுக்கிவிடுகிறார்கள். நல்ல காகித ஃபில்டரும் இருக்கிறது. சில நிறுவனங்கள் தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலைச் சீக்கிரம் இறக்காதீர்கள் என்றே சொல்கின்றன. வண்டிக்கு வண்டி கணக்கு வேறு. பைக்குக்கு நான் செய்ததை வைத்துக் காருக்குச் சட்டம் போட முடியாது. மனசு கேட்கவில்லையென்றால் ஐயாயிரத்தில் ஒரு தரம் கூடுதலாக மாற்று, கெடுதல் ஒன்றும் இல்லை என்றேன்.

எந்த ஆயில் என்பதில்தான் நம் ஊரில் சண்டை அதிகம். ஒரு ஆயில் கடையில் போய் நின்று பாருங்கள். "ட்வென்ட்டி ஃபார்ட்டி ஒண்ணு குடுங்க" என்பார்கள், 20டபிள்யூ-40 ஆயிலைத்தான். எந்த வண்டிக்கு என்று யாரும் கேட்பதில்லை. நம் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்பது இந்தக் கரையில் வேதவாக்கு. அதில் பாதிதான் உண்மை.

டப்பாவில் 10டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால், கடைசியில் இருக்கும் 30 எஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. அதை அளப்பது 100 டிகிரி செல்சியஸில். 30 என்றால் 9.3-க்கும் 12.5-க்கும் இடையில், 40 என்றால் 12.5-க்கும் 16.3-க்கும் இடையில், சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவில். வெளியே ராமநாதபுரமாக இருந்தாலும் கொடைக்கானலாக இருந்தாலும், தண்ணீரில் குளிரும் எஞ்சினின் உள்சூட்டைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிறுத்திவிடும். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு மே மாத வெயில் கொஞ்சம் உறைக்கும்தான். ஆனால் அதை வடிவமைத்தவர்களுக்கு இந்தியாவில் மே மாதம் உண்டு என்பது தெரியும். கையேட்டில் அவர்கள் எழுதிய எண்ணில் அந்த வெயிலும் அடக்கம். 30 கேட்கிற எஞ்சினின் இடுக்குகள் 30-க்கு ஏற்ற மாதிரி செதுக்கியவை. அதில் 50 ஊற்றினால் காலையில் கிளப்பும்போது மேலே வால்வுகளைத் திறக்கிற கேம் வரை ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 10டபிள்யூ என்பதன் சோதனை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரியில் நடக்கிறது, 20டபிள்யூ-வுக்கு கீழே 15-இல். வாடைக்காலத்து விடியற்காலையிலும் ஒரு போர்வை போதும் என்கிற நமக்கு அந்தக் குளிரோடு என்ன சம்பந்தம் என்று தோன்றும். உண்டு, கொஞ்சம். 10டபிள்யூ-30 நம் ஊர் 28 டிகிரிக் காலையிலும் 20டபிள்யூ-50-ஐ விட நீர்த்துத்தான் இருக்கும், சீக்கிரம் ஏறும். கிளப்பிய முதல் சில நொடிகளில்தான் தேய்மானமும் அதிகம்.

எண்ணுக்கு அடுத்து எழுத்து. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக்குறி) என்று போட்டு எஸ்-இல் தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, சி-இல் தொடங்கினால் டீசலுக்கு. இரண்டாவது எழுத்து போகப் போகப் புதுத் தரம். எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல். பைக்குக்கு இதோடு இன்னொன்றும் வேண்டும், ஜப்பானியத் தரக்குறி: ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2. பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. காருக்கான ஆயில் சிலவற்றில் உரசலைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது, கிளட்சோ உரசலை நம்பித்தான் பிழைக்கிறது.

இதை நான் பாம்பன் பாலத்தில் கற்றுக்கொண்டேன். பழைய வண்டி வைத்திருந்த காலம். ஒரு கடையில் "இது இன்னும் காஸ்ட்லி சார், கார்ல ஊத்துறது" என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி ஊற்றினேன். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பையனையும் ஏற்றிக்கொண்டு தங்கச்சிமடம் போகையில், பாலத்தின் நடுவே உயரும் இடத்தில் முடுக்கினால் இரைச்சல் கூடுகிறது, வண்டி கூடவில்லை. பக்கவாட்டில் காற்று வேறு. கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு நாங்களும் நின்றோம். பையனுக்கு அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். எனக்குக் கிளட்ச் பிளேட் செலவு.

சிந்தெடிக் ஆயில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கையேடு கேட்டால் முதல் நாளிலிருந்தே போடலாம், பல எஞ்சின்கள் தொழிற்சாலையிலிருந்தே அதோடுதான் வருகின்றன. கேட்காத வண்டியில், அதுவும் 1000 கிலோமீட்டரில் இறக்கிக் கொட்டப்போகிற ஆயிலுக்கு, இரண்டு மூன்று மடங்கு காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தரை துடைக்கப் பட்டுத்துணி எதற்கு? ரிங் மாற்றிப் பிரித்துக் கட்டிய எஞ்சினுக்கு மெக்கானிக்குகள் சாதாரண மினரல் ஆயிலையே முதலில் ஊற்றச் சொல்கிறார்கள். மச்சானின் எஞ்சினுக்கும் அப்படித்தான் செய்தோம்.

மீன் விற்கிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. முன்பெல்லாம் அவர்கள் வைத்திருந்த எக்ஸ்எல் வண்டி டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் பங்கில் டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்றினால் அது எரிந்து போய்விடும். கியருக்கு ஊற்றுவதைத் தவிர ஆயில் மாற்றுகிற பேச்சே கிடையாது. இப்போது வாங்குவது நாலு ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலோடு ஆயில் கலப்பதில்லை, எஞ்சினில் தனியே ஊற்றி மாற்ற வேண்டும். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிற அக்காவின் மகன் புது வண்டியை எட்டாயிரம் கிலோமீட்டர் ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறான். "பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் கேட்டேன் அண்ணே, இதுக்கு வேணாம்னுட்டாங்க" என்றான். பங்கில் சொன்னதும் பொய்யில்லை, அவன் புரிந்துகொண்டதும் அநியாயமில்லை. ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தபோது நுனியில் தார் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அந்த வண்டி ஓடுவதும் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவில்தான். நின்று, கிளப்பி, நின்று. எஞ்சின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகிற தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு கிலோமீட்டர் கணக்கைவிட மாதக் கணக்குத்தான் சரி. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது என்று கையேட்டில் இருப்பதில் இரண்டாவதை நம் ஆட்கள் படிப்பதே இல்லை.

விசைப்படகுக்காரர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். எஞ்சினுக்கு ஆயில் எப்போது மாற்றுகிறார்கள்? ஜூன் இரண்டாம் வாரம், கடலுக்குப் போகிற அவசரத்தில். அதுவரை இரண்டு மாதமும் பழைய ஆயில் உள்ளே கிடக்கும். ஓடிக் களைத்த ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். ஓடாத எஞ்சினில் அது பேரிங்கை உட்கார்ந்து தின்னும். ஏப்ரலில் நிறுத்துகிற அன்றே சூடாக இருக்கும்போது இறக்கிவிட்டு, புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி எல்லா இடமும் பூசிக்கொள்ள வைத்துவிட்டு நிறுத்துவது நல்லது. இதைப் படகு முதலாளியான ஒரு சம்மாட்டியிடம் சொன்னேன். "ஓடாத எஞ்சினுக்கு எதுக்கு தம்பி புது ஆயிலு?" என்று சிரித்தார். அவர் கேள்வியில் இருக்கும் கணக்கு எனக்கும் புரிகிறது. தடைக்காலத்தில் யார் கையிலும் காசு இருப்பதில்லை.

மச்சானின் எஞ்சினைப் பிரித்து மறுபடி பூட்டியானதும் கொட்டகையில் கிளப்பவே இல்லை. நேராக வல்லத்தில் ஏற்றினோம். சுமையோடு போய், அரையும் முக்காலுமாக முடுக்கி மாற்றி மாற்றி ஓட்டினார். வலை வாங்கும்போது அணைத்துவிடுவார். மணிக்கணக்கு காட்டும் மீட்டர் அதில் இல்லை. நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் ஓடிய நேரத்தைப் பேனாவால் எழுதி வந்தார். அக்காவின் பால் கணக்கும் அதே தாளில்தான். 25 மணி நேரத்தில் முதல் ஆயிலை இறக்கினோம்.

போன மாதம் ஒரு சாயங்காலம் தண்ணீர் பாட்டிலில் இறக்கிய ஆயிலோடு வந்து நின்றார். "மாப்ள, மாத்தி ரெண்டு பாடுதான் ஆச்சு, அதுக்குள்ள கருப்பாப் போச்சு. கலப்படமா?"

டீசல் எஞ்சினில் கரியைத் தன்னோடு சுமந்து வைத்திருப்பதுதான் நல்ல ஆயிலின் வேலை, கருப்பு வரத்தான் செய்யும், பால் கலந்த டீ மாதிரி வெளுத்தால்தான் பயப்பட வேண்டும், அது தண்ணீர் என்றேன். அளவு குறைகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். சட்டைப் பையிலிருந்து தங்கூசி என்கிற நைலான் நூலில் கட்டிய ஒரு காந்தத்தை எடுத்து, பாட்டிலுக்குள் தூண்டில் போடுகிற மாதிரி மெதுவாக இறக்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்து தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் படல" என்றார்.